ஃபைல் கரப்ட் ஆகிவிட்டது: எழுதியது எல்லாம் எங்கே போனது?

போன மாசியில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு என் சித்தி மகள் போன் செய்தாள். “அண்ணா, தீசிஸ் ஃபைல் திறக்கவே மாட்டேங்குது. கரப்ட் ஆயிடுச்சுன்னு வருது.” அழுது முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. ஏரி மதகுகளைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடு. 212 பக்கம். வெயிலில் ஊர் ஊராக அலைந்து எடுத்த 61 படங்கள். பிரிண்ட் போடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஒரு கடைக் கணினியில் பென் டிரைவைச் செருகி, அதிலிருந்தபடியே கோப்பைத் திறந்து, நாலைந்து எழுத்துப்பிழைகளைத் திருத்திச் சேவ் கொடுத்திருக்கிறாள். கொடுத்த கையோடு கரண்ட் போய்விட்டது. வீட்டில் இருந்த பிரதி எட்டு மாதம் பழையது.

“அதுக்கப்புறம் அந்தப் பென் டிரைவுல வேற ஏதாவது காப்பி பண்ணினியா?”

“இல்லண்ணா. ரெண்டு மூணு தடவை திறந்து பார்த்தேன், அவ்வளவுதான்.”

“சரி. அதை அப்படியே எடுத்து வை. நாளைக்குக் காலையில வரேன்.”

அவளுடைய ஆய்வேடு என்ன ஆனது என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், கோப்பு “கரப்ட்” ஆவது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்வோம். இது புரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். பதற்றம் போனாலே பாதிக் கோப்பு பிழைத்துவிடும், ஏனென்றால் பல கோப்புகள் முதல் அடியில் சாவதில்லை. பதறிப்போய் நாம் அடுத்தடுத்து அழுத்தும் பொத்தான்களில்தான் சாகின்றன.

மனக்கணக்கு, சிட்டை, பேரேடு

பழைய மளிகைக் கடைகளில் கணக்கு மூன்று இடங்களில் இருக்கும். வாடிக்கையாளர் வாங்கியது முதலில் கடைக்காரர் மனதில் நிற்கும். கொஞ்ச நேரம் கிடைத்ததும் அதைச் சிட்டையில் கிறுக்கிக்கொள்வார். ராத்திரி கடையைச் சாத்துவதற்கு முன் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஒழுங்காக எழுதுவார்.

நீங்கள் தட்டச்சு செய்யும் ஆவணமும் இப்படித்தான் மூன்று இடங்களில் இருக்கிறது. திரையில் தெரிவது ரேம் என்கிற தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது. அது மனக்கணக்கு. மின்சாரம் போனால் அந்த நொடியே மறந்துவிடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மென்பொருள் தானாகவே ஒரு ரகசிய நகல் எடுத்து ஓர் ஓரத்தில் வைக்கிறது. அது சிட்டை. நீங்கள் சேவ் கொடுக்கும்போது மட்டும்தான் பேரேடு, அதாவது நீங்கள் பெயர் வைத்த அந்தக் கோப்பு, எழுதப்படுகிறது.

ஆகவே மென்பொருள் முடங்கிப் படாரென்று மூடிக்கொண்டது என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான். அந்த நேரத்தில் பேரேட்டில் யாராவது எழுதிக்கொண்டிருந்தார்களா? நீங்கள் தட்டச்சு மட்டும் செய்துகொண்டிருந்தீர்கள், சேவ் எதுவும் ஓடவில்லை என்றால், பேரேட்டை யாரும் தொடவே இல்லை. கடைசியாகச் சேமித்த வரைக்கும் கோப்பு பத்திரமாக இருக்கிறது. தொலைந்தது மனக்கணக்கு மட்டும். அதிலும் பெரும்பகுதி சிட்டையில் இருக்கும். ஐயோ எல்லாம் போச்சு என்று வருகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

பேரேட்டில் பேனா ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தால்தான் உண்மையான சிக்கல்.

சேவ் கொடுத்தால் உடனே எழுதிவிடுமா?

எழுதாது. இது பலருக்கும் தெரியாத சங்கதி என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நீங்கள் சேவ் கொடுத்ததும், நல்ல மென்பொருள் எதுவும் பழைய கோப்பின் மேலேயே எழுத ஆரம்பிக்காது. முதலில் பக்கத்தில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, முழு ஆவணத்தையும் அதில் எழுதும். எழுதி முடித்த பிறகு பழையதை விலக்கிவிட்டு, புதியதற்கு அந்தப் பெயரைச் சூட்டும். நடுவில் ஏதாவது நடந்தால் பழையது மிஞ்சும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது.

ஆனால் மென்பொருள் நேரடியாக வட்டில் எழுதுவதில்லை. “இதை எழுதிவிடு” என்று விண்டோஸிடமோ லினக்ஸிடமோ கொடுத்துவிடுகிறது. இயங்குதளம் “ஆகட்டும்” என்று வாங்கித் தன் ரேமில் வைத்துக்கொண்டு, சாவகாசமாக வட்டில் எழுதும். வட்டு மெதுவானது, அதனால் சேர்த்துவைத்து எழுதினால்தான் வேகம் கிடைக்கும். லினக்ஸில் வழக்கமான அமைப்பில் இப்படிக் கையிருப்பில் உள்ளது 30 நொடி வரைகூடக் காத்திருக்கலாம். ஆக, திரையில் “சேமிக்கப்பட்டது” என்று வந்தாலும் எழுத்து இன்னும் மனக்கணக்கிலேயே இருக்கக்கூடிய சில நொடிகள் உண்டு. பென் டிரைவைப் பிடுங்குவதற்கு முன் “பாதுகாப்பாக அகற்று” என்று ஒரு வசதி இருப்பது இதற்காகத்தான். கையில் வைத்திருப்பதை எல்லாம் இப்போதே எழுதி முடி என்று அதன் மூலம் நாம் கட்டளை இடுகிறோம்.

பென் டிரைவுகளில் ஆபத்து இன்னும் கொஞ்சம் அதிகம். பெரும்பாலான பென் டிரைவுகள் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் என்ற முறையில் அமைக்கப்பட்டவை. கணினியின் உள்ளே இருக்கும் வட்டில் என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4 போன்ற முறைகள் இருக்கும். இவை தாம் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிந்துவிட்டுத்தான் செய்கின்றன. நடுவில் கரண்ட் போனாலும் திரும்ப வரும்போது குறிப்பேட்டைப் பார்த்துத் தம்மைச் சரிசெய்துகொள்ளும். ஃபேட் வகையில் அந்தக் குறிப்பேடு கிடையாது. எனவே பென் டிரைவில் இருக்கும் கோப்பை அங்கேயே திறந்து திருத்த வேண்டாம். கணினிக்கு நகலெடுத்துத் திருத்தி, மூடியபிறகு திரும்பப் போடுங்கள்.

கையை வைப்பதற்கு முன்

உடைந்த கோப்பைக் கண்டதும் செய்ய வேண்டிய முதல் காரியம், அதை வேறோர் இடத்துக்கு நகலெடுப்பது. இனிமேல் செய்யும் வைத்தியம் எல்லாம் நகலின் மீதுதான். மூலத்தைத் தொடக்கூடாது. சில மென்பொருள்கள் உடைந்த கோப்பை எப்படியோ பாதி திறந்து காட்டும். அந்த நிலையில் பழக்கதோஷத்தில் கண்ட்ரோல்-எஸ் அழுத்திவிட்டால் அந்தப் பாதிதான் மிஞ்சும், மீதிப் பாதி நிரந்தரமாகப் போய்விடும்.

அதேபோல, விண்டோஸ் “இந்த டிரைவில் பிழை இருக்கிறது, சரிபார்க்கட்டுமா?” என்று கேட்டால் சட்டென்று ஆம் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கருவி வட்டை ஒழுங்குபடுத்தவே எழுதப்பட்டது. உங்கள் எழுத்தைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. ஒழுங்குபடுத்தும் வேகத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் துண்டுகளை வெட்டிவிடும். முதலில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு, அப்புறம் அதைச் செய்யலாம்.

சிட்டையைத் தேடுவது

மென்பொருளைத் திரும்பத் திறந்தாலே பெரும்பாலும் அதுவாகவே சிட்டையை நீட்டும். வேர்டில் இடப்பக்கம் ஒரு பட்டியல் வரும். வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸில் மீட்கட்டுமா என்று ஒரு பெட்டி வரும். அவசரத்தில் அதை மூடிவிடுவதும், “டிஸ்கார்டு” என்பதை அழுத்துவதும் ரொம்பப் பேர் செய்யும் தவறு. டிஸ்கார்டு என்றால் சிட்டையைக் கிழித்துப் போடு என்று பொருள். மீட்டுத் திறங்கள், முழுக்கப் படித்துப் பாருங்கள், புதுப் பெயரில் சேமியுங்கள்.

இரண்டிலுமே இந்த நகல் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. மூன்று நிமிடம் என்று மாற்றிவைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. வேர்டில் ஆப்ஷன்ஸ் போய் சேவ் என்ற பகுதியிலும், லிப்ரே ஆஃபிஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோடு/சேவ், ஜெனரல் என்ற வழியிலும் அந்த எண் இருக்கும்.

தானாக நீட்டாவிட்டால் நாமே போய்த் தேடலாம். ஒருமுறைகூடச் சேமிக்காமல் மூடிப்போன ஆவணத்துக்கு, வேர்டில் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட் என்று போனால் “ரிகவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ்” என்று ஒரு வழி இருக்கிறது. இந்த நகல்கள் நான்கு நாள்தான் இருக்கும், எனவே ஆறப்போட வேண்டாம். லிப்ரே ஆஃபிஸில், நீங்கள் முன்கூட்டியே “எப்போதும் பேக்கப் நகல் எடு” என்பதை டிக் செய்து வைத்திருந்தால், கடைசிச் சேமிப்புக்கு முந்தைய வடிவம் பேக்கப் நகலாகக் காத்திருக்கும். வேர்டிலும் அதே வசதி உண்டு, அட்வான்ஸ்டு பகுதியில் கீழே மறைந்து கிடக்கிறது. வேர்டிலும் லிப்ரே ஆஃபிஸின் பழைய பதிப்புகளிலும் அது இயல்பாக அணைந்தே இருக்கும். இன்றைக்கே போய் அதை முடுக்கிவிடுங்கள்.

தேடும்போது ~$ என்று தொடங்கும் பெயரில் உங்கள் ஆவணத்தின் பெயரைப் போலவே ஒரு கோப்பு கண்ணில் படலாம். இதோ கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அது “இந்த ஆவணத்தை இன்னார் திறந்து வைத்திருக்கிறார்” என்று எழுதி மாட்டிய பலகை மட்டும். 162 பைட்தான் இருக்கும். உங்கள் எழுத்து அதற்குள் இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். வேர்டில் ஆட்டோரிகவர் வேறு, ஆட்டோசேவ் வேறு. முதலாவது நான் சொன்ன சிட்டை. இரண்டாவது, ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் வைத்த கோப்பைத் தொடர்ந்து சேமித்துக்கொண்டே இருப்பது. அதற்கு முந்தைய பதிப்புகளின் வரலாறும் உண்டு. கூகுள் டாக்ஸில் எழுதுகிறவர்களுக்குச் சிட்டையே தேவையில்லை, தட்டத் தட்ட எல்லாம் சர்வருக்குப் போய்விடுகிறது. வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தால் நேற்றைய வடிவமும் போன வாரத்து வடிவமும் கிடைக்கும்.

பெட்டியைத் திறப்போம்

சிட்டையில் ஒன்றும் இல்லை, பேரேடும் திறக்கவில்லை. இப்போதுதான் ஆவணத்தின் வயிற்றுக்குள் போக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

நீங்கள் ஒரே கோப்பு என்று நினைக்கும் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு பெட்டி. 2007 வேர்டிலிருந்து இதுதான் வழக்கம். லிப்ரே ஆஃபிஸின் ஓடிடி (odt) கோப்பும் அப்படியே. அந்தப் பெட்டி வேறு எதுவுமில்லை, நாம் எல்லோரும் பார்த்திருக்கும் ஸிப் கோப்புதான். நம்பாவிட்டால் ஒரு நல்ல ஆவணத்தின் நகலை எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள டாக்எக்ஸ் என்பதை ஸிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். (விண்டோஸில் அந்தக் கடைசிப் பகுதி மறைந்திருந்தால், வியூ பகுதியில் போய் ஃபைல் எக்ஸ்டென்ஷன்களைக் காட்டச் சொல்ல வேண்டும்.)

உள்ளே வேர்ட் என்று ஓர் அடைவு இருக்கும். அதற்குள் டாக்குமென்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு. நீங்கள் எழுதிய உரை முழுக்க அதில்தான் இருக்கிறது. அடிக்குறிப்புகள் ஃபுட்நோட்ஸ் என்ற தனிக் கோப்பில். படங்கள் மீடியா என்ற அடைவில், ஒவ்வொன்றும் தனித்தனியாக. தலைப்பு எந்த அளவு, பத்தி எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் ஸ்டைல்ஸ் என்ற இன்னொன்றில். ஓடிடியில் உரை இருக்கும் கோப்பின் பெயர் கன்டென்ட். கோப்பு கெட்டுவிட்டது என்று நாம் மொத்தமாகச் சொன்னாலும், பல நேரம் இந்தப் பொருள்களில் ஏதோ ஒன்றுதான் கெட்டிருக்கும். ஒரு படம் பழுதானதற்காக 212 பக்கத்தையும் மென்பொருள் திறக்க மறுக்கும்.

இந்த ஸிப் முறையை 1989இல் கொண்டுவந்தவர் ஃபில் கட்ஸ் என்ற அமெரிக்க நிரலாளர். ஸிப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் பி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும், அவருடைய முதலெழுத்துகள். உடைந்த ஆவணம் ஒன்றை எழுத்தெண் காட்டும் கருவியில் (ஹெக்ஸ் எடிட்டர்) திறந்து, முதல் இரண்டு பைட்டுகள் 80, 75 என்று இருந்தால் (பெரும்பாலான கருவிகளில் இது 50 4B என்று தெரியும்) அது பி, கே. பெட்டியின் தலை பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாகக் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

தலை இருக்கிறது, பிறகு ஏன் திறக்க மாட்டேன் என்கிறது? ஸிப் பெட்டியில் பொருளடக்கம் கடைசியில் இருக்கிறது. எந்தெந்தப் பொருள் எத்தனையாவது பைட்டில் ஆரம்பிக்கிறது என்ற பட்டியல் அது. மென்பொருள் பெட்டியைத் திறக்கும்போது முதலில் வாலைத்தான் பார்க்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றுபோன கோப்புக்கு வாலே இருக்காது. பொருளடக்கம் இல்லை, எனவே இது ஸிப்பே இல்லை என்று மென்பொருள் கையை விரித்துவிடும். ஆனால் பொருள்கள் அங்கேயே இருக்கின்றன! ஒவ்வொன்றின் முன்னாலும் அதன் பெயரும் எழுதியிருக்கிறது. கடைசிப் பக்கம் கிழிந்த புத்தகத்தில் பொருளடக்கம் போனாலும் ஒவ்வோர் அத்தியாயத்தின் தலைப்பும் அந்தந்தப் பக்கத்தில் இருக்குமே, அதுபோல.

ஸிப்பைப் பழுதுபார்க்கும் கருவிகள் செய்வது இதைத்தான். முதல் பைட்டிலிருந்து வரிசையாக நடந்து, பி, கே எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் நின்று, பெயரைக் குறித்துக்கொண்டு, புதிதாக ஒரு பொருளடக்கம் எழுதி ஒட்டுகின்றன. 7-ஸிப் என்ற இலவச மென்பொருள் சில நேரம் பழுது பார்க்காமலேயே உள்ளே இருப்பதைக் காட்டிவிடும். லினக்ஸில் ஸிப் கட்டளைக்கே பழுதுபார்க்கும் வசதி உண்டு. இவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால் முதலில் லிப்ரே ஆஃபிஸில் திறந்து பாருங்கள். கோப்பு கெட்டிருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று அதுவே கேட்கும். வேர்டில் ஓப்பன் பெட்டியில் கோப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஓப்பன் பொத்தானின் ஓரத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்தினால் “ஓப்பன் அண்ட் ரிப்பேர்” வரும். இணையத்தில் காசு கேட்கும் மீட்பு மென்பொருள்களைத் தேடிப் போவதற்கு முன் இந்த இரண்டையும் கட்டாயம் செய்து பாருங்கள்.

ஒரு குறி பிசகினால்

பெட்டி சரியாகத் திறந்து, உள்ளே டாக்குமென்ட் கோப்பும் இருந்து, அப்போதும் வேர்ட் மறுத்தால், பிழை எக்ஸ்எம்எல்லில் இருக்கிறது. எக்ஸ்எம்எல் என்பது அடைப்புக்குறிகளால் ஆன எழுத்துமுறை. பத்தி தொடங்கினால் ஒரு குறி, முடிந்தால் ஒரு குறி. திறந்த ஒவ்வொன்றையும் மூட வேண்டும், உள்ளே திறந்ததை முதலில் மூட வேண்டும். ஒன்று பிசகினாலும் படிப்பதை அங்கேயே நிறுத்திவிடு என்பது 1998இல் அந்த முறையை வகுத்தபோதே போட்ட விதி. இணையப் பக்கங்களில் பிழை இருந்தாலும் பிரவுசர் ஒருவாறு சமாளித்துக் காட்டிவிடும். எக்ஸ்எம்எல்லுக்கு அந்தத் தாராளம் கிடையாது.

“வரி 2, நிரல் 48,113இல் பிழை” என்பதுபோல ஒரு செய்தி வரும். நிரல் என்றால் அந்த வரியில் எத்தனையாவது எழுத்து என்று பொருள். எப்போது பார்த்தாலும் வரி 2 என்றே வருவதைக் கண்டு குழம்ப வேண்டாம். வேர்ட் எழுதும் அந்தக் கோப்பில் மொத்தமே இரண்டு வரிகள்தான். முதல் வரியில் முன்னுரை, இரண்டாவது வரியில் உங்கள் புத்தகம் முழுவதும். நோட்பேட்++ போன்ற ஒன்றில் திறந்து அந்த நிரலுக்குப் போனால் பிசகிய குறி கண்ணில் படும். அதைச் சரிசெய்து பெட்டிக்குள் திரும்ப வைத்தால் ஆவணம் திறந்துவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு தனிக் குறிப்பு. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். “தமிழ்” என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், மொத்தம் 15 பைட். கோப்பு வெட்டுப்படும் இடம் ஓர் எழுத்தின் நடுவிலேயே விழுவதற்குத் தமிழில் வாய்ப்பு அதிகம். மூன்றில் இரண்டு பைட் மட்டும் மிஞ்சிய அந்த அரை எழுத்து, கேள்விக்குறி போட்ட ஒரு கறுப்பு வைரமாகத் தெரியும். அந்த அரை எழுத்தை நீக்கினால்தான் எக்ஸ்எம்எல் மேற்கொண்டு நகரும். நம் வேலையை எளிதாக்குவதற்கு நம்மால் செய்ய முடிந்தது, இது இருக்கும் என்று முன்கூட்டியே எதிர்பார்ப்பதுதான்.

ஆவணம் திறக்கிறது, ஆனால் கொஞ்ச நேரத்தில் மென்பொருளே மூடிக்கொள்கிறது என்றால் வேறொரு வைத்தியம். வேர்ட் ஆவணத்தின் வடிவமைப்பு விவரங்களில் கணிசமானவை கடைசிப் பத்தியின் முடிவுக்குறியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கடைசிக் குறியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, புதிய ஆவணத்தில் ஒட்டுங்கள். கெட்டது பழைய ஆவணத்திலேயே தங்கிவிடும்.

வெறும் சைபர்கள்

ஒரு நிலை மட்டும் கையறு நிலை. கோப்பின் அளவு சரியாக இருக்கிறது, 4 எம்பி என்றால் 4 எம்பி காட்டுகிறது. ஆனால் எழுத்தெண் கருவியில் பார்த்தால் முதலிலிருந்து கடைசி வரை 00 00 00 என்று ஓடுகிறது. திடீரென்று கரண்ட் போன கணினிகளில் இதைப் பார்க்கலாம். இவ்வளவு இடம் வேண்டும் என்று குறிப்பேட்டில் பதிந்தாகிவிட்டது, இடமும் ஒதுக்கியாகிவிட்டது, எழுத்து மட்டும் ரேமிலிருந்து வந்து சேரவில்லை. வீட்டு வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது, உள்ளே யாரும் குடிவரவில்லை. எந்த மீட்பு மென்பொருளாலும் இதற்குள்ளிருந்து எதையும் எடுக்க முடியாது, ஏனென்றால் உள்ளே எதுவும் இல்லை. எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்போது இந்தக் கோப்பை விட்டுவிட்டு இதன் அண்ணன் தம்பிகளைத் தேட வேண்டும். மாற்றப்பட்ட பழைய வடிவம், நீக்கப்பட்ட தற்காலிகக் கோப்பு, மெயிலில் அனுப்பிய பிரதி. நீக்கிய கோப்பின் எழுத்து உடனே அழிவதில்லை, அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். வேறொன்று மேலே எழுதப்படும்வரை இருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் வட்டு முழுவதும் தேடி, பி, கே போன்ற அடையாளங்களைக் கொண்டு அப்படிப்பட்டவற்றை அள்ளித் தரும். பெயர்கள் போய்விட்டிருக்கும், ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். அதை அதே வட்டில் நிறுவாதீர்கள், மீட்டதையும் அதே வட்டில் போடாதீர்கள். நீங்கள் தேடும் கோப்பின் மேலேயே அது போய் உட்கார்ந்துவிடலாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்குகளில் இதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. சுழலாத புதிய வகையான எஸ்எஸ்டியில் குறைவு. காலி என்று குறித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும்.

கெடாமலே கெட்டதுபோல் தெரிவது

பழைய ஆவணம் ஒன்றைத் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டிக் கிடக்கின்றன. கரப்ட் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யூனிகோட் பரவுவதற்கு முன் பாமினி, வானவில், டேப், டாம் என்று பல முறைகளில் தமிழ் எழுதினோம். அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலோ, ä, å போன்ற குறியிட்ட எழுத்துகளின் இடத்திலோ தமிழ் உருவத்தை வைத்திருந்தார்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் அடியில் இருக்கும் அந்த எழுத்துகள் வெளியே தெரியும். முழுவதையும் தேர்ந்தெடுத்து அந்த எழுத்துருவைப் போட்டால் தமிழ் திரும்பிவிடும். பிறகு எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

உண்மையாகவே உடைந்த பழைய டாக் கோப்புகளிலும் இது கைகொடுக்கும். வேர்டில் “எந்தக் கோப்பிலிருந்தும் உரையை மீட்பது” என்று ஒரு வழி இருக்கிறது. அது எழுத்துருவை எல்லாம் உதறிவிட்டு உரையை மட்டும் எடுத்துத் தரும். பாமினியில் அடித்த ஆவணம் அப்போது அர்த்தமில்லாத ஆங்கிலமாகத்தான் வரும். அது குப்பை இல்லை. பாமினியைப் போட்டுப் பாருங்கள். தன் அப்பாவின் கவிதைகள் என்று ஒருவர் கொண்டுவந்த ஃபிளாப்பி நகலில் இப்படி ஒரு பக்கத்தை மாற்றியபோது, “நெல்” என்ற சொல் முதலில் தெளிந்து வந்தது இன்னும் நினைவிருக்கிறது.

மதகுகளின் கதை

மறுநாள் காலையில் சித்தி வீட்டுக்குப் போனேன். பென் டிரைவிலிருந்து கோப்பை நகலெடுத்துப் பார்த்தேன். 38 எம்பி இருக்க வேண்டியது 9 எம்பி இருந்தது. முதல் இரண்டு பைட்டுகள் 80, 75. தலை இருக்கிறது, வால் இல்லை. “ஓப்பன் அண்ட் ரிப்பேர்” கேட்கவில்லை. லினக்ஸில் ஸிப்பைப் பழுதுபார்க்கச் சொன்னேன். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. மூன்றாவதோ நான்காவதோ வரியில் டாக்குமென்ட். அடுத்து ஃபுட்நோட்ஸ். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று “அது என்னண்ணா?” என்று கேட்டாள். “உன் அடிக்குறிப்பு எல்லாம் இதுலதான் இருக்கு” என்றேன். அதற்குப் பிறகு படங்கள், ஒன்று, இரண்டு என்று வந்து, பதினான்காவது படத்தில் நின்றுவிட்டது. பதினைந்தாவது பாதி. ஸ்டைல்ஸ் வரவே இல்லை.

வேர்ட் எழுதும் பெட்டியில் உரை பெரும்பாலும் முன்பக்கம் இருக்கும், கனமான படங்கள் பின்னால் வரும். அவளைக் காப்பாற்றியது அதுதான். புதிதாக ஒரு வெற்று ஆவணத்தை உருவாக்கி, அதன் பெட்டியைத் திறந்து, மீட்ட டாக்குமென்ட்டையும் ஃபுட்நோட்ஸையும் உள்ளே வைத்து மூடி, லிப்ரே ஆஃபிஸில் திறந்தோம். தலைப்புகள் எல்லாம் சாதாரண எழுத்தாக மாறியிருந்தன. படங்கள் இருந்த இடத்தில் காலிச் சட்டங்கள். ஆனால் முதல் அத்தியாயத்திலிருந்து துணைநூற்பட்டியல் வரை ஒரு வரி குறையவில்லை. முந்தின நாள் கடையில் திருத்திய நாலைந்து எழுத்துப்பிழைகள்கூடத் திருத்தியபடியே இருந்தன.

மீதி 47 படங்களை அவள் போனில் தேடினாள். இடமில்லை என்று பாதியை அழித்திருந்தாள். அப்புறம்தான் நினைவு வந்தது, ஒவ்வொரு ஊரிலிருந்தும் மதகைப் படம் எடுத்தவுடன் வழிகாட்டிப் பேராசிரியருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருக்கிறாள். அவர் எதையும் அழிக்கிற பழக்கம் இல்லாதவர். அன்று சாயங்காலம் 45 படங்கள் வந்துசேர்ந்தன. மீதி இரண்டு மதகுகளை மறுபடி எடுப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா அவளை வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்.